அண்ணா கல்யாணத்து வீடியோ

ஜார்ஜ் டவுன்
12 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தர்ஷிகா எழுதுகிறேன். கவரைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை படித்தீர்களே, அதற்கே நன்றி.

போனில் என்னை பிளாக் செய்து ஒன்பது மாதம் ஆகப் போகிறது. அண்ணி நம்பருக்குக் கூப்பிட்டால், "அவருக்குத் தெரிஞ்சா வீட்ல சண்டைதான், இப்ப வேணாம்லா தர்ஷி" என்கிறார். அம்மா பேசுகிறார், ஆனால் உங்கள் பெயர் வந்தவுடன் அழ ஆரம்பித்துவிடுகிறார். கடிதத்தை யாரும் பிளாக் செய்ய முடியாது என்று நேற்றுதான் மூளைக்கு எட்டியது. பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் நிபோங் திபால். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

அப்பாவின் பிளாட்டைக் காலி செய்த பிறகு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். பிறை ஊருக்கே திரும்பிப்போய்ப் பழைய பேக்டரியில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. பிரமிளா அக்கா என்று ஒருவர், கல்யாண வீடியோ எடுப்பவர், அவரிடம் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள், "எத்தனை கல்யாணம் எடுத்திருக்க?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "காட்டு" என்றார். கேமராவின் மெமரி கார்டு பழுதாகிவிட்டது என்றேன். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்கலா" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கச் சொன்னார். மூன்று மாதம் பை தூக்கினேன். இப்போது பதவி உயர்வு. பூமாலை, சாப்பாட்டு இலை, வாசலில் கிடக்கிற செருப்பு, இவற்றை எடுக்கலாம். மனிதர்களை எடுக்கக் கூடாது. அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம்.

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி அப்பாவின் ஆட்டத் திவசம். முதல் வருஷம். நான் வரலாமா? உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே நிற்கிறேன். கேமரா கொண்டு வரமாட்டேன்.

தங்கை,
தர்ஷிகா


நிபோங் திபால்
21 ஜூன் 2025

தர்ஷிகா,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். எனக்கு உன்னைப் போலக் கதை சொல்ல வராது.

என் கல்யாணத்துக்கு நான் வேறு ஆளைப் பேசி வைத்திருந்தேன். "வீட்டில பிள்ளை இருக்க வெளியாள் ஏன் தம்பி? அவள் இப்பதான் தொடங்குறாள், நாங்களே குடுக்காட்டி ஆர் குடுப்பினம்?" என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அப்பாவுக்குக் கடைசிவரை அந்த யாழ்ப்பாணப் பேச்சும் போகவில்லை, உன்மேல் இருந்த நம்பிக்கையும் போகவில்லை. நான் அந்த ஆளை வேண்டாம் என்று சொன்னேன். கல்யாணம் முடிந்தது. கார்டு பழுது என்றாய். இருபத்தைந்து நாளில் அப்பாவும் போய்விட்டார்.

போட்டோ இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றிலும் அப்பா வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். வந்தவர்கள் போனில் எடுத்தவற்றில் நாதஸ்வரம்தான் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் அவர் எனக்கு அனுப்பியதெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும். தேடிவிட்டேன். அவர் குரல் எங்கேயும் இல்லை.

அப்பாமேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் வாசலில் நின்று வந்தவர்களைக் கூப்பிட வேண்டாமா? ரஜிதாவின் அப்பா இரண்டு தடவை என்னிடம் வந்து, "சம்பந்தி எங்க?" என்று கேட்டார். நான் மணவறையில் உட்கார்ந்துகொண்டு கூட்டத்தில் தேடுகிறேன், ஆள் இல்லை. அறுகரிசி போட்டு எங்களை வாழ்த்த மட்டும் வந்தார், பிறகு மறுபடி காணோம். அன்றைக்கு அப்பா எங்கே போனார் என்று கேட்பதற்குள் அவரே இல்லை.

பிறையில் பழுதான கார்டிலிருந்து படத்தை மீட்டுக் கொடுக்கிற கடை இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற ஹஸ்ருல் அங்கே கொடுத்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தான். கார்டை அனுப்பு. திவசத்தைப் பற்றி அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தேவகுமார்


ஜார்ஜ் டவுன்
3 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். திட்டியிருந்தாலும் உங்கள் கையெழுத்து. சின்ன வயதில் என் நோட்டுப் புத்தகங்களுக்கு நீங்கள்தானே பெயர் எழுதிக் கொடுப்பீர்கள்.

கார்டை வீடு மாறும்போது எங்கேயோ வைத்துவிட்டேன். தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அனுப்புகிறேன். ஆனால் அண்ணா, சில பழுது எந்தக் கடையிலும் சரியாகாது. பிரமிளா அக்காவும் அப்படித்தான் சொன்னார். நீங்கள் ரொம்ப நம்பிக்கை வைத்துவிடாதீர்கள்.

போன ஞாயிறு ஷஹீராவின் நிக்காவுக்குப் போயிருந்தோம். என்னோடு பேக்டரியில் இருந்தாளே, அவள்தான். கேமராவை அழுத்தியவுடன் நேரம் ஓடுகிற எண்ணைப் பார்த்து, "ஓடுது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது பிரமிளா அக்கா போட்ட சட்டம். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். ஷஹீராவின் சித்தப்பா பக்கத்தில் நின்று, என்ன ஓடுகிறது, பூனையா என்று கீழே தேடினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவளுடைய அப்பா வந்து அவள் தலையில் கை வைத்தார். எனக்குச் செருப்பை எடுக்க வேண்டிய வேலை இருந்ததால் வெளியே போய்விட்டேன்.

இந்த வேலையை எப்படி ஆரம்பிப்பது என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்த லைட், எல்லாம் சொல்கிறார்கள். முதல் வேலையை உயிரான மனிதர்களுக்குச் செய்யாதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? திவசத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை,
தர்ஷிகா


நிபோங் திபால்
12 ஜூலை 2025

தர்ஷிகா,

நீ எதையாவது தொலைத்து நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பு பஸ் டிக்கெட்டைக்கூட டப்பாவில் போட்டு வைத்திருப்பவள் நீ. கார்டு தொலைந்தது என்று என்னிடம் சொல்லாதே.

இது எனக்காக இல்லை. அம்மாவுக்காக. அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, உனக்கே தெரியும். "இஞ்சாரும்" என்பார். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் அதுதான், மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்றாலும் அதுதான். போன வாரம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் "அம்மா" என்றேன். திரும்பவே இல்லை. கிட்டப் போய்த் தொட்டேன். "ஒருத்தரும் என்னை இஞ்சாரும் எண்டு கூப்பிடுறதில்லை, அதுதான் கேக்கேல்லை" என்றார்.

படம் வேண்டாம். தாலி கட்டு வேண்டாம். அந்த ஒரு நாளில் அப்பா அந்தச் சொல்லை ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். அது அந்தக் கார்டில் இருக்கும். கார்டை அனுப்பு.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

தேவகுமார்


ஜார்ஜ் டவுன்
26 ஜூலை 2025

அண்ணா,

கார்டு பழுதாகவில்லை. தொலையவும் இல்லை. நான் பொய் சொன்னேன்.

கவருக்குள் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதைப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்து முடியுங்கள். பிறகு என்னை என்ன செய்தாலும் சரி.

என் கேமராவில் ஒரே பொத்தான்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓடும்போது திரையில் சிவப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி, எண், எழுத்து எல்லாம் படத்தை மறைக்கிறது என்று நானே அணைத்து வைத்தேன். இணையத்தில் ஒருவர், கைதேர்ந்தவர்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று சொன்னார். கைதேர்ந்தவளாம் நான். உங்களுக்குத் தலைப்பாகை கட்டினார்களே, அப்போது அவசரத்தில் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன். ஓடுகிறது என்று நான் நினைத்தபோது அது நின்றுவிட்டது. நிறுத்துகிறேன் என்று அழுத்தியபோது ஓட ஆரம்பித்தது. அன்று முழுக்க அப்படியேதான் போயிற்று. தாலி கட்டும்போது நின்றிருக்கிறது. அப்பா உங்கள் இரண்டு பேருக்கும் அறுகரிசி போடும்போது நின்றிருக்கிறது. ஒவ்வொன்றும் முடிந்து கேமராவைத் தொங்கவிட்டு நடந்தேன் அல்லவா, அப்போதெல்லாம் ஓடியிருக்கிறது.

சாயந்திரம் வீட்டில் போட்டுப் பார்த்தேன். அறுபத்தொரு துண்டு. எல்லாம் தரை. கம்பளம், சேலைக்கரை, நாற்காலிக் கால், யார் யாருடைய பாதங்களோ. சத்தம் வைத்துக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. உங்களுக்குப் போன் செய்து கார்டு பழுது என்றேன். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். அப்பாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. நீங்களும் அவர் மனம் நோகும் என்று விட்டுவிட்டீர்கள். தினமும், "படம் எப்ப பிள்ளை காட்டுவாய்?" என்று கேட்பார். "வேலை நடக்குதுப்பா" என்பேன். பார்க்காமலேயே போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் எப்போதோ உங்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். அப்பா போன பிறகு, அவர் குரல் இருக்குமே என்று சத்தம் வைத்துக் கேட்டேன். நாலாவது துண்டிலேயே அவர் கால் வருகிறது. மோட்டார்சைக்கிள் விழுந்து கறுத்துப்போன அந்தப் பெருவிரல் நகம். "பையை நான் வச்சிருக்கிறன், நீ எடு" என்கிறார். சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இருபத்துமூன்றாவது துண்டு. தாலி கட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அதை நானே எழுதிவிடுகிறேன், நீங்கள் தயாராக இல்லாமல் கேட்க வேண்டாம்.

அப்பா சொல்கிறார்: "பிள்ளை, நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு. இந்தக் கதிரையில கொஞ்சம் இருக்கட்டோ?"

நான் சொல்கிறேன்: "ஐயோ அப்பா, அங்க உக்காராதீங்க, பிரேம்ல விழுறீங்க. தாலி கட்டப் போறாங்க. அஞ்சு நிமிஷம்லா!"

அப்பா: "சரி, சரி. நீ எடு."

அதோடு துண்டு முடிகிறது. நான் பொத்தானை அழுத்திவிட்டேன்.

நெஞ்சு என்று அவர் சொன்னது என் காதில் விழுந்ததா என்றே எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. அப்பா போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர், நெஞ்சு வலி சில வாரமாகவே இருந்திருக்கும், யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டார். நீங்கள், அம்மா, நான், மூன்று பேருமே இல்லை என்று தலையாட்டினோம். நான் அப்போது பொய் சொல்லவில்லை அண்ணா, தெரியாமல்தான் ஆட்டினேன். ஆனால் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார். என் ஒருத்தியிடம்தான்.

அதற்குப் பிறகு இருக்கிற முப்பத்தெட்டுத் துண்டுகளை நான் கேட்கவே இல்லை. என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு வேண்டிய அந்தச் சொல் அவற்றில் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இருபத்துமூன்றை மட்டும் அம்மாவுக்குப் போடாதீர்கள்.

தர்ஷிகா


நிபோங் திபால்
4 ஆகஸ்ட் 2025

தர்ஷிகா,

இருபத்துமூன்றாவதைப் போட்டுக் கேட்டேன். வேறு எதையும் போடவில்லை.

உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ அவரை உட்காரவும் விடவில்லை. அதையும் மறைத்து, ஒரு வருஷம் எங்களைச் சும்மா தேட விட்டாய்.

திவசத்துக்கு வராதே.

தேவகுமார்


ஜார்ஜ் டவுன்
11 ஆகஸ்ட் 2025

அண்ணா,

சரி. வரமாட்டேன். அன்றைக்கு இங்கே கோயிலில் அப்பா பெயருக்கு மோட்ச விளக்கு ஏற்றிக்கொள்கிறேன்.

கேமராவைப் பிரமிளா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். "இப்பதான் உனக்கு மனுஷங்கள எடுக்கக் குடுக்கலாம்னு இருந்தேன், ஏன்லா?" என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. பழைய பேக்டரியில் ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன். இனி எதையும் எடுக்கப் போவதில்லை.

அம்மாவுக்கு முழங்காலுக்குப் போடுகிற பட்டி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

தர்ஷிகா


நிபோங் திபால்
30 ஆகஸ்ட் 2025

தர்ஷி,

போன கடிதத்தை எழுதியபோது உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை, நேரில் இருந்திருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். அது முழுக்கப் போய்விட்டது என்று இப்போதும் எழுதமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பென்டிரைவ் என் மேசையில் கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ரஜிதாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தைகிட்ட ஏங்க மறைக்கிறீங்க?" என்று சொல்லி, போன சனிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் டிவியில் போட்டுவிட்டாள். முதலிலிருந்து. இருபத்துமூன்றையும் சேர்த்துத்தான்.

நான் வீட்டுக்குள் வரும்போது நாற்பத்தொன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கம்பளம், அதன்மேல் அப்பாவின் கால். குரல் வருகிறது. "இஞ்சாரும், பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுமன். காலமை தொடக்கம் நிக்கிறாள்." அம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். தண்ணீர் எடுக்கத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அப்படியே நின்றார். மறுபடி போடச் சொன்னார். எத்தனை தடவை போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போய் காரைக் கழுவினேன். காலையில்தான் கழுவியிருந்தேன்.

உள்ளே வந்தபோது ரஜிதா ஒன்று சொன்னாள். "மாமாவோட கால் எல்லாத்துலயும் இருக்குங்க. அந்தக் கறுத்த நகம் பாருங்க." நான் நம்பவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீ கேட்காமல் விட்ட முப்பத்தெட்டையும் பார்த்தேன். ஏழெட்டுத் துண்டு தவிர எல்லாவற்றிலும் உன் காலுக்குப் பக்கத்தில் அப்பாவின் கால் இருக்கிறது. நீ நடந்தால் அதுவும் நடக்கிறது. நீ நின்றால் நிற்கிறது. உன் பையின் வார் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மணவறையில் உட்கார்ந்து நான் தேடினேனே, சம்பந்தி தேடினாரே, அந்த மனிதர் அன்று முழுக்க உனக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டாவது துண்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ சாப்பிடப் போகும்போது கேமராவை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அது ஓடுகிறது. பதினேழு நிமிஷம். நாற்காலிக்கு முன்னால் அப்பாவின் இரண்டு கால். அசையவே இல்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், "அம்பிகைபாகன், கடைசிப் பந்தி, வாங்க சாப்பிட!" அப்பா சொல்கிறார், "பிள்ளையின்ர சாமான் எல்லாம் இங்க கிடக்கு. அவள் வரட்டும்." பிறகு இலை எடுக்கிற சத்தம், பெஞ்சு மடக்குகிற சத்தம் எல்லாம் கேட்கிறது. கடைசியில் உன் கால் வருகிறது. உன் குரல் வருகிறது. உனக்கு ஞாபகம் இருக்காது. "அப்பா, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்கிறாய்.

"ஓம், ஓம். நான் அப்பவே சாப்பிட்டிட்டன்" என்கிறார்.

"முகம் ஏன்பா ஒரு மாதிரி இருக்கு? உடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று மறுபடி கேட்கிறாய்.

"ஒண்டுமில்லை பிள்ளை. வெக்கை" என்கிறார்.

நீ கேட்டிருக்கிறாய் தர்ஷி. அதுவும் அதே கார்டில்தான் இருக்கிறது. அவர் உன்னிடம் சொல்லவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் எப்பவும் இப்பிடித்தான்" என்று மட்டும் சொன்னார். இருபத்துமூன்றைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்கால் பட்டியை யார் அனுப்பியது என்றும் அவருக்குத் தெரியும்.

கேமராவைப் பிரமிளாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். பதினேழு நிமிஷம் அவர் அதற்குக் காவல் நின்றார், நீ அதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்பதாம் தேதிவரை கூப்பிடாதே. குரல் கேட்டால் திட்டுவேனா அழுவேனா என்று எனக்கே தெரியாது.

ஒன்பதாம் தேதி எட்டு மணிக்குள் வந்துவிடு. ஐயர் ஒன்பதுக்கு வருகிறார். சமையல் அம்மாவும் ரஜிதாவும். அப்பா என் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிடவே இல்லை. அன்றைக்கு அவருக்கு வைக்கிற இலையில் நீதான் பரிமாற வேண்டும்.

அண்ணா,
தேவகுமார்